கடலில் கிடந்துவிட்டு வந்தவர்

“இதைப் போட்டுருங்க” என்று கண்ணையன் விரல் வைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கப்பல் படத்தில் மற்ற அறைகளுக்கெல்லாம் நீல மையில் ஒரு வட்டமோ கட்டமோ போட்டிருந்தார்கள். இதற்கு வெறும் நான்கு கோடுகள்.

வலைக்கடை முதலாளி திருஞானசம்பந்தம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இது உள்ரூமுங்க கண்ணையன். அடித்தட்டு. ஜன்னலே கெடையாது. இந்தா, இதுல வட்டக் கண்ணாடி வச்சிருக்கான். இதுல பால்கனியே இருக்கு. நாற்காலியப் போட்டு ரெண்டு பேரும் ஒக்காந்தீங்கன்னா கடலப் பாத்துக்கிட்டே போவலாம்.”

“கடலப் பாக்குறதுக்கு நான் கொச்சிக்குப் போவணுமா மொதலாளி?”

வலை வாங்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் கண்ணையன் இன்னும் கொஞ்சம் பேசினார். மேலே போகப் போக ஆட்டம் அதிகம். முனையில் இருப்பவனைத் தூக்கித் தூக்கிப் போடும். நடுவில், அடியில் படுப்பவனுக்குத் தொட்டில் மாதிரி. கப்பலாக இருந்தாலும் ஃபைபர் படகாக இருந்தாலும் தண்ணீருக்கு ஒரே கணக்குதான். சொன்னதில் எதுவும் பொய்யில்லை. அவர் அந்த அறையைக் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைத் தவிர.

சுனாமிக்கு மூன்றாம் வருஷம் அது. கரையில் எல்லோரும் புதுப் படகும் புது வலையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வலை கம்பெனி ஒவ்வொரு கட்டு வலைக்கும் ஒரு சீட்டுக் கொடுத்துக் குலுக்கல் நடத்தியது. மூன்றாம் பரிசு குளிர்சாதனப் பெட்டி. இரண்டாம் பரிசு மோட்டார் சைக்கிள். முதல் பரிசு, தம்பதியாகக் கப்பலில் உல்லாசப் பயணம். கொச்சியில் ஏறி, லட்சத்தீவுப் பக்கம் சுற்றிவிட்டுக் கொச்சியிலேயே இறங்க வேண்டும். கடலில் பிழைக்கிறவனுக்குப் பரிசாகக் கடலையே கொடுக்கலாம் என்று யோசித்த மனிதர் கோயம்புத்தூரில் இருந்தார்.

கண்ணையன் முதலில் மோட்டார் சைக்கிள் விழுந்த பட்டினச்சேரிக்காரரிடம் போய் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார். அவர் வண்டிக்கு ஏற்கனவே பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார். “ஏன் அண்ணே, எனக்கு என்னா கிறுக்கா புடிச்சிருக்கு?” என்றார்.

முதல் பரிசு மூன்று ஊருக்கு விழுந்திருந்தது. கடலூர், நாகப்பட்டினம், காரைக்கால். காரைக்கால் சீட்டு கண்ணையனுடையது. கம்பெனி மூன்று அறைகளைப் பிடித்து வைத்திருந்தது. முதலில் சொல்கிறவர் கேட்கும் அறை அவருக்கு. எஞ்சியது எஞ்சியவர்களுக்கு. அதனால்தான் கண்ணையன் கிளிஞ்சல்மேட்டிலிருந்து காலையிலேயே வந்து, கடைக் கதவு திறக்கும்வரை வாசலில் நின்றிருந்தார்.

அவருடைய குடும்ப வாழ்க்கை முழுவதும் ஒரே வாக்கியத்தின் மேல் நின்றது. ‘கடல்ல கெடந்துட்டு வர்ற மனுசன்.’ மகளைக் கட்டிக்கொடுக்கும் முன்பு அவளைப் பற்றிப் பேசப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால், கூரை ஒழுகினால், மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தால், அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் பாயை விரிப்பார். டிவி நிற்கும். வீடு அடங்கிவிடும். அடங்கிய வீட்டிலிருந்து மனைவி அஞ்சுகம் மீன் விற்கும் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவாள். விடியுமுன் எழுந்து கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்திருப்பாள். அதைப் பஸ்ஸில் ஏற்றி நெரவியிலும் விழிதியூரிலும் தெருத் தெருவாக விற்றுவிட்டு வந்து, அவர் கண் விழிக்கும்போது சோறு போடுவாள். வஞ்சிரக் குழம்பு என்றால் தலை அவர் தட்டில்தான். கடலில் கிடந்துவிட்டு வருகிறவர்.

கிடந்தது உண்மை. புயலில் மாட்டியிருக்கிறார். இயந்திரம் நின்று கோடியக்கரை வரை மிதந்து போயிருக்கிறார். ஆனால் அப்படிப்பட்ட இரவுகளைச் சொல்லத் தொடங்கினால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடிந்துவிடும். மற்ற இரவுகளில் வலையை விட்டதும் வேலை தீர்ந்தது. நாலு பேரும் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுவார்கள். டிரான்சிஸ்டரில் இலங்கைப் பாட்டு தெளிவாகக் கேட்கும். படகின் நடுவில் மல்லாந்து படுத்தால் குளிர்ந்த காற்று. பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஜீவன் கிடையாது. உள்ளபடியே அவர் சந்தோஷமாக இருந்த இடம் அதுதான். இதை அந்த நாலு பேரில் யாரும் கரையில் சொன்னதில்லை. சொல்லக் கூடாதென்று பேசி வைத்துக்கொண்டதும் இல்லை. பெண்கள் படகில் கால் வைப்பதில்லை என்ற வழக்கம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

இப்போது பால்கனியில் நாற்காலி போட்டு அஞ்சுகம் உட்கார்ந்து, அந்தக் காற்றில் ஒரு டீயையும் குடித்துவிட்டால், அந்த வாக்கியம் என்ன ஆகும்? அதற்குப் பிறகு அவர் எதைச் சொல்லிப் பாயை விரிப்பார்?

“போன் போட்டு சொல்லிடுங்க மொதலாளி. வேற யாரும் எடுத்துறப் போறான்.”

“இதையா? இதை யாருங்க எடுக்கப் போறா?” என்று சொல்லிக்கொண்டே திருஞானசம்பந்தம் எண்களை அழுத்தினார். பேசி முடித்து அவர் போனை வைக்கவும், வெறும் அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சுகம் படி ஏறவும் சரியாக இருந்தது.

“எந்த ரூமு மொதலாளி எடுத்தீங்க?”

“அடித்தட்டுல, நடுவாந்திரமா ஒண்ணு. கண்ணையன்தான் பாத்து எடுத்தாரு. அனுபவஸ்தரு பாருங்க.”

அவள் படத்தைப் பார்த்தாள். “ஜன்னல் எங்க?”

திருஞானசம்பந்தம் படத்தை மறுபக்கமாகத் திருப்பி வைத்தார், திருப்பினால் ஜன்னல் வந்துவிடும் என்பதுபோல.

“ஆட்டம் தெரியாது புள்ள. ஒனக்காகத்தான்” என்றார் கண்ணையன்.

“பொட்டியில போட்டு மூடி அனுப்ப நான் என்னா கருவாடா?”

வலை வாங்க வந்தவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். சிரிப்பு இந்தமுறை அவர் பக்கம் இல்லை.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது. கடல்ங்கிறது…”

“தெரியாமத்தானே பாக்கணுங்கிறேன். விழிதியூர்ல ஒரு ஆச்சி வாராவாரம் கேக்குது, நடுக்கடலு எப்புடிடி இருக்கும்னு. மீனைத் தூக்கிக் காட்டிட்டு வர்றேன். எனக்கு வேற என்னா தெரியும்?” கூடையை இறக்கி வைத்தாள். “அலை வந்தன்னைக்கி பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில ஊரான் புள்ளைவொள இழுத்துப் புடிச்சிக்கிட்டு நின்னேன். நீங்க வந்து என்னா சொன்னீங்க?”

கடையில் யாரும் சிரிக்கவில்லை.

அலை வந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணையன் கடலில் இருந்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. தூங்குகிறவன் மூச்சு இழுத்து விட்டதுபோல படகு ஒருமுறை ஏறி இறங்கியது. அவ்வளவுதான். திரும்பி வந்தபோது கரையில் கரை இல்லை. தேடித் தேடிக் கடைசியில் மொட்டை மாடியில் அஞ்சுகத்தைக் கண்டுபிடித்தார். சேலையெல்லாம் சேறு. பக்கத்தில் உட்கார்ந்து, கைவசம் வேறு வாக்கியம் இல்லாததால், “கடல்ல கெடந்துட்டு வர்றேன்” என்றார்.

“அன்னைக்கி எங்க இருந்தீங்கன்னு ஒரு தடவ பாத்துக்கிடுறேன். வேற ஒண்ணும் வேணாம்” என்றாள் அஞ்சுகம்.

திருஞானசம்பந்தம் யாரையும் பார்க்காமல் மறுபடி போன் போட்டார். பால்கனி கடலூருக்குப் போய்விட்டது. வட்டக் கண்ணாடியை நாகப்பட்டினம் எடுத்துக்கொண்டது.

“இப்பத்தாங்க போச்சாம்.”

“என்னா பண்றது” என்று கண்ணையன் முடிந்தவரை வருத்தத்தோடு சொன்னார்.

கொச்சியில் கப்பல் மாடி மாடியாக, பெரிய ஆஸ்பத்திரி போல நின்றது. அறை குளிர்ந்து கிடந்தது. வெள்ளை விரிப்பு, வெள்ளைத் தலையணை, விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் இருட்டு. அஞ்சுகம் நாலு சுவரையும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள்.

“பொணத்தை வைக்க நல்ல எடம்” என்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கோபத்தில் படுத்தவள் கோபம் தீர்வதற்குள் தூங்கிப்போனாள்.

கண்ணையன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் காற்று வாங்கலாமென்று மேலே ஏறினார். ஏறியவர் படியிலேயே நின்றுவிட்டார். மேல்தட்டு முழுக்கத் திறந்து கிடந்தது. நாலு பக்கமும் கடல். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஜன்னல் உள்ளவர் இல்லாதவர் என்ற பேதமே இல்லாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்துகொண்டிருந்தது. படகில் ஒருவனுக்கு விட்ட இடம்தான் அவனுக்கு. முனையில் இருப்பவன் முனையிலேயே இருப்பான். கப்பலில் அறை என்பது படுக்க மட்டும்தான் என்பது கரையின் அனுபவஸ்தருக்குத் தோன்றவே இல்லை. அலையும் அறவே இல்லை. குளத்தில்கூட இதைவிட அதிகம் இருக்கும்.

ஓரத்தில் ஒருவர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். கடலூர் ஆள். பெயர் செல்லையன், அவருக்கும் வலைத் தொழில்தான்.

“பால்கனி ரூமு எப்புடி இருக்கு?” என்று கண்ணையன் கேட்டார்.

“அதை ஏன் கேக்குறீங்க. ஏறினதுலேருந்து நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறா. ஒரு வார்த்த பேசல. பாத்துக்கிட்டே இருக்கா.”

“ஒண்ணுமே சொல்லலையா?”

“ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. ‘இம்புட்டுத்தானா’ன்னா.” செல்லையன் தலையை நிமிர்த்தினார். “நீங்க எந்த ரூமு?”

“உள்ரூமு. ஜன்னல் கெடையாது.”

“பொழச்சீங்கண்ணே.”

கண்ணையன் கீழே இறங்கினார். இறங்கும்போதே முடிவு செய்துவிட்டார். அஞ்சுகம் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கு அவர் அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. விடியுமுன் எழுந்தே பழகிய உடம்புக்கு அந்த அறையில் விடிவதே இல்லை. சேவல் இல்லை, ஏலக்காரன் குரல் இல்லை, வெளுப்பதற்கு ஒரு ஜன்னல் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பாக்கி வைத்திருந்த தூக்கத்தை அவள் மொத்தமாகத் தூங்கினாள். நடுவில் புரண்டால் கண்ணையன் தயாராக இருந்தார். பூரியும் முட்டையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, மூன்று தளம் இறங்கி வந்தார். மதியம் சோறு. சாயங்காலம் காப்பி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தட்டை அவளிடம் நீட்டியபோது எந்தக் கையால் நீட்டுவதென்று ஒரு கணம் குழம்பினார்.

“வெளிய காத்து சரியில்ல. எந்திரிக்காத.”

“ம்” என்று அவள் உட்கார்ந்தபடியே தின்றாள். “இது ஐஸ்ல ஒரு வாரம் கெடந்த மீனு” என்று சொல்லி மீனை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடியும் படுத்தாள்.

கடைசி நாள் சாயங்காலம் காப்பியோடு கதவைத் திறந்தபோது படுக்கை காலியாக இருந்தது. விரிப்பு மடித்து வைத்திருந்தது.

கண்ணையன் கோப்பையோடு மேலே ஓடினார். அஞ்சுகம் மேல்தட்டில் நாற்காலியில் காலைத் தூக்கி மடக்கி, முந்தானையைத் தலையில் சுற்றி உட்கார்ந்திருந்தாள். கையில் டீ. பக்கத்து நாற்காலி காலி. காற்று இதமாக வீசியது. கண்ணையன் உட்கார்ந்தார். அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

“காத்து நல்லாத்தானே இருக்கு” என்றாள்.

“இன்னைக்கித்தான் பரவால்ல.”

“கடலூர்க்காரம்மா இவ்ளோ நேரம் இருந்துச்சு. பேசிக்கிட்டிருந்தோம்.”

அஞ்சுகம் கடலைப் பார்த்தாள். ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும் பார்வை அது. அந்தப் பார்வைக்கு முன்னால் எந்த மீனும் பொய் சொல்லி அவர் கண்டதில்லை.

“இங்கதான் கெடந்தீங்களா?”

“இது மேக்குக் கடலு. நம்ம கடலு வேற.”

“வேறயா?”

“சுத்தமா வேற.”

“அப்ப சரி.” காலிக் கோப்பையை அவரிடம் நீட்டினாள். அவர் கையிலிருந்த காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். “இது ஆறிப்போச்சு. இன்னொரு டீ வாங்கியாங்க.”

கண்ணையன் போனார். வரிசையில் அவருக்கு முன்னால் செல்லையன் நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலும் ஒரு காலிக் கோப்பை.

ரயிலும் பஸ்ஸும் மாறிக் கிளிஞ்சல்மேட்டில் வந்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. வீடு திறந்திருந்தது. சாவியை வைத்திருந்த பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா உள்ளே உட்கார்ந்து டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் தெருவுக்குக் குரல் கொடுத்து இன்னும் மூன்று பெண்களை வரவழைத்தாள்.

“அக்கா, சொல்லுக்கா. நடுக்கடலு எப்புடி இருந்துச்சு?”

அஞ்சுகம் மூலையிலிருந்த பாயை எடுத்தாள். கூடத்தின் நடுவில், கண்ணையன் எப்போதும் படுக்கும் இடத்தில் அதை உதறி விரித்தாள்.

“கடல்ல கெடந்துட்டு வந்திருக்கேன் குஞ்சம்மா” என்றாள். “டிவிய அமத்திட்டுப் போ.”

குஞ்சம்மா கண்ணையனைப் பார்த்தாள். கண்ணையன் பையைக் கீழே வைக்காமல் நின்றார். டிவி நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். வீடு அடங்கியது.

மறுநாள் புதன்கிழமை. காற்று இல்லை. படகுகள் வழக்கம்போல வந்து சேர்ந்தன. அஞ்சுகம் ஏலத்துக்குப் போகவில்லை. வெயில் ஏறிய பிறகு எழுந்தாள். கண்ணையன் டீ போட்டிருந்தார். சர்க்கரை அதிகம். குஞ்சம்மா ஏலத்தில் அவளுக்கும் சேர்த்து எடுத்து வைத்திருந்த மீனில் சங்கராவும் ஒரு வஞ்சிரமும் இருந்தன. சங்கராவை நெரவியில் விற்றாள். விழிதியூருக்கும் போனாள். ஆச்சி ஊரில் இல்லை. மத்தியானம் திரும்பி வந்து வஞ்சிரத்தைக் குழம்பு வைத்தாள். தலையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். கண்ணையன் நடுத்துண்டைத் தின்றார். முள் குறைவாக இருந்தது. பிற்பகல் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்.