குழந்தையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறது

போன செவ்வாய்க்கிழமை, கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, பாதி வழியில் ஒரு வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். ஐம்பத்து நாலு வயதில், உச்சி வெயிலில், கையில் ஒரு பை மாம்பழத்தோடு. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் ஒரு வார்த்தை சொன்னார்... அவ்வளவுதான்.

அவர் ஒன்றும் திட்டவில்லை. இரண்டு பேர் உட்காரும் ஸீட்டில் மூன்றாவதாக இடம் கேட்டார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார்." நன்னிலத்திலிருந்து கிளம்பும் எந்த பஸ்ஸிலும் ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்கும் வாசகம். நான் எழுந்து, என் இடத்தை முழுசாக அவருக்கே கொடுத்துவிட்டுப் படிக்கட்டுக்கு வந்துவிட்டேன்.

"கும்பகோணம் இன்னும் பதினோரு கிலோமீட்டர் இருக்கு சார்" என்றார் கண்டக்டர்.

"தெரியும்ப்பா."

"அந்தம்மா எதாவது சொல்லிட்டாங்களா?"

"இல்லை. அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னாங்க."

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒன்பது வருடமாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என் வழுக்கை, வீட்டு மிக்ஸி, கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் வராத அப்பளம் என்று எதையெல்லாமோ எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதவில்லை. உங்களிடமும் சொல்லாமல் இன்னும் எத்தனை பஸ்ஸிலிருந்து இறங்குவது?

நாங்கள் டெல்டாக்காரர்கள் இந்த வார்த்தையைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆற்றில் தண்ணீர் வரவில்லையா? குறுவையை விட்டுவிட்டுச் சம்பா. சம்பாவும் போய்விட்டதா? உளுந்து தெளி. உளுந்தும் மழையில் முளைத்துவிட்டதா? பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பு. எங்கள் தெருவில் எட்டு வீட்டுக்கு ஆறு வீட்டில் இப்படித்தான் பாஸ்போர்ட் வந்தது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் யாரும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல மாட்டோம் — கண் பட்டுவிடும். நன்றாக இல்லை என்றும் சொல்ல மாட்டோம் — மானம் போய்விடும். "ஏதோ, அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டு ஓடுது." தீர்ந்தது.

என் ஒரே மகள் மீனாவும் அப்படி விமானம் ஏறியவள்தான். மாப்பிள்ளை கார்த்திக்கு இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊரில் கம்ப்யூட்டர் வேலை. தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். மகள் தாய் வீட்டுக்கு வர முடியாத நிலைமை. ஆகவே தாய் வீடு பெட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டது — என் மனைவி, பிரசவ லேகியம், வசம்பு, பச்சைக் குழந்தைக்கு அவளே பின்னிய ஒரு கம்பளிக் குல்லாய், நாலு டஜன் கண்ணாடி வளையல். உபரிச் சாமானாக நான்.

போனவுடன் முதல் அதிர்ச்சி. அங்கே எல்லாம் நல்லபடியாக நடக்கும் வரை டாக்டர் கண்ணிலேயே பட மாட்டார். மிட்வைஃப்தான் எல்லாம்.

"அப்படின்னா?" என்றாள் மனைவி.

"மருத்துவச்சி."

"நம்மூர்லயே மருத்துவச்சிய விட்டு நாப்பது வருஷம் ஆச்சு. மருத்துவச்சிகிட்ட பெத்துக்கவா இவ இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தா?"

இரண்டாவது அதிர்ச்சி, வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடக் கூடாது என்பது. முதலில் ஒரு நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் கேள்வி கேட்பார்கள். பதிலைப் பொறுத்துத்தான் 'வா' என்பதும், 'இரு' என்பதும். இதைக் கேட்டு மனைவி கலங்கினாள். நான் கலங்கவில்லை. கேள்விதானே, இங்கிலீஷில்தானே? அப்போது நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஒன்பதாம் மாதம் பிளாட்டின் ஹாலில் வளைகாப்பு நடந்தது. இரண்டு கையும் நிறைய வளையல். குழந்தை பிறக்கும் வரை கழற்றக் கூடாது. பிரசவம் பார்த்தவளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை மதியம் வலி வந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊரில் ஏதோ டிரெயினிங்குக்குப் போயிருந்தார். மீனா ஹீட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனைவி முதுகைத் தேய்த்தாள்.

"கத்தாத. பல்லக் கடிச்சுக்க. கத்துனா வலியெல்லாம் வாயால போயிடும், புள்ள கீழ எறங்காது."

மீனா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டவளும் அவள்தான். மணி அடிக்கும்போதே அடுத்த வலி வந்துவிட்டது. போனை அவள் நீட்டினாளா, நான் பிடுங்கினேனா? 'வாங்கிக்கொண்டேன்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்முனையில் ஒரு பெண். நல்ல கனிவான குரல். மகளோடு பேச முடியுமா என்று கேட்டாள். அவளுக்குச் சிரமம், நான் அவள் அப்பா, ஆங்கிலப் பேராசிரியர் என்றேன். இந்தக் கடைசித் தகவலை அவள் கேட்கவே இல்லை.

"ஹவ் இஸ் ஷி கோப்பிங்?" என்றாள். எப்படித் தாங்குகிறாள் என்று அர்த்தம். பதில் என் வாயில் தயாராக இருந்தது. தலைமுறை தலைமுறையாக இருக்கும் பதில்.

"ஷி இஸ் அட்ஜஸ்டிங்."

அந்தக் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? பெண்ணுக்குக் கஷ்டமில்லை, பழகிக்கொண்டு வருகிறாள் என்றுதானே? சத்தமே கேட்கவில்லையே, ஏதோ மணி மட்டும் கேட்கிறதே என்றாள். வலி வரும்போதெல்லாம் மீனாவின் கை நடுங்கியது. அந்த வீட்டில் வலி வெளியே வந்த ஒரே வழி அந்த வளையல்கள்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வளைகாப்பைப் பற்றி விளக்கினேன். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கேட்கட்டும் என்று போடுவது, எங்கள் பண்பாடு... ஒரு நிமிஷம் பேசியிருப்பேன். "ஹவ் லவ்லி" என்றாள். எனக்குப் பெருமை.

அடுத்த கேள்வி: குழந்தை வழக்கம்போல அசைகிறதா?

போனைக் கையால் மூடிக்கொண்டு மகளிடம் கேட்டேன். "தெரியலைப்பா. காலையிலேருந்து கம்மியாத்தான் இருக்கு" என்றாள்.

"நாள் நெருங்குனா புள்ள அடங்கித்தான் இருக்கும்" என்றாள் மனைவி.

நான் போனை எடுத்து, குழந்தையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்கிறது என்று சொன்னேன். "பேபி இஸ் ஆல்ஸோ அட்ஜஸ்டிங்."

அந்தப் பெண் சிரித்தாள். ஓர் இங்கிலீஷ்காரியை இங்கிலீஷில் சிரிக்க வைத்துவிட்டேன். வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. ஆரம்பக் கட்டம் போலிருக்கிறது, வெந்நீரில் குளிக்கச் சொல்லுங்கள், வலி நெருங்கி வந்தால் மறுபடி கூப்பிடுங்கள் என்று போனை வைத்தாள்.

"வலி வந்தவளக் குளிக்கச் சொல்றாங்களா?" என்றாள் மனைவி. அன்றைக்கு அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. நான் அதையும் அடக்கினேன்.

மூன்று மணி சுமாருக்கு மீனா, "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்ப்பா" என்றாள். அவர்கள்தானே இருக்கச் சொன்னார்கள், கார்த்தி வந்துவிடட்டும் என்றேன்.

ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வந்தார். அவருக்கு இங்கிலீஷ் சுமார்தான். வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தவர், மீனாவின் முகத்தைப் பார்த்தார். ஷூவைக் கழற்றவில்லை. "கார்ல ஏறு" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அதுதான் பேச வேண்டியது.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பட்டையைக் கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்தவுடன் அறை நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். அதுவரை கண்ணில் படாத டாக்டர் ஓடி வந்தார். வளையல்களை ஒரு நர்ஸ் கத்தரியால் நொறுக்கி எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கழற்ற நேரமில்லை. குழந்தை பிறந்தது. அழவில்லை. பெண் குழந்தை.

பிறகு அந்தக் குழந்தையை மூன்று நாள் குளிர்ச்சியில் வைத்தார்கள். மூச்சுக் காற்று போதாமல் போன மூளை மேலும் கெடாமலிருக்க அதுதான் வைத்தியமாம். உடம்புச் சூட்டைக் குறைத்து, ஒரு குளிர்ந்த விரிப்பின் மேல், துணியில்லாமல். பிறந்த பிள்ளைக்குக் காற்றுப் படக் கூடாது என்று ஜன்னல் இடுக்கில் துணி செருகும் ஊரிலிருந்து வந்தவள் என் மனைவி. அந்தக் கம்பளிக் குல்லாயைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே மூன்று நாளும் நின்றாள். "எப்ப போட்டு விடலாம்னு கேளுங்க" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். எனக்கு அந்தக் கேள்விக்கு இங்கிலீஷ் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். மூத்த மிட்வைஃப் ஒருவர், நரைத்த தலை. அன்றைய போன் குறிப்பை மேஜைமேல் வைத்து, ஒரு வரி விடாமல் படித்தார். நான் எட்டிப் பார்த்தேன். தாயார் "அட்ஜஸ்ட்" ஆகிறார் என்று தகப்பனார் சொல்கிறார். குழந்தை "ஆல்ஸோ அட்ஜஸ்டிங்". இரண்டுக்கும் மேற்கோள் குறி போட்டிருந்தது. எத்தனை ஆயிரம் விடைத்தாள்களில் மேற்கோள் குறியைத் திருத்தியிருப்பேன்? என்னை யாராவது மேற்கோள் காட்டியது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மாள் மீனாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். உங்களிடமே கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டது எங்கள் தவறு என்றார். இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று மாப்பிள்ளை கேட்டார். ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அறையில் இருந்ததிலேயே அதிகம் பேசுகிறவன் நான்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றோம். மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தார். மீனா குழந்தையை மார்போடு கட்டியிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். "மீனா, அன்னிக்கு நான் போன்ல..."

"பஸ் வந்துருச்சுப்பா" என்றாள்.

பஸ் வரவில்லை. தூரத்தில் ஒரு வெள்ளை லாரி வந்துகொண்டிருந்தது.

பேத்திக்கு இனியா என்று பெயர். நாலு வயது ஆகப் போகிறது. நடக்கிறாள், இடது காலைச் சற்று இழுத்து. பேச்சு இன்னும் வரவில்லை. வேண்டியதை விரலால் காட்டுகிறாள். வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வீட்டுக்கு வந்து, படம் காட்டிப் பேசப் பழக்குகிறாள். அந்தப் பெண் முதல் நாளே வீட்டில் எல்லோருக்கும் ஒரு விதி சொன்னாளாம்: குழந்தைக்குப் பதில் யாரும் பேசக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் அவளே சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

நல்ல விதி. கொஞ்சம் தாமதமாக வந்த விதி.

நம் பெண்களுக்குப் பல்லைக் கடிக்கக் கற்றுத் தருகிறோம். பிறகு அவர்கள் சத்தம் போடவில்லை என்பதை அத்தாட்சியாக வைத்து, ஒன்றுமில்லை என்று ஊருக்குச் சொல்கிறோம். நிலத்தில் தண்ணீர் இல்லாததை அட்ஜஸ்ட் பண்ணலாம். பஸ்ஸில் அரை ஸீட்டை அட்ஜஸ்ட் பண்ணலாம். வலி யாருடையதோ, அது எவ்வளவு என்று அவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. இது தெரிய எனக்கு ஒரு குழந்தையின் பேச்சு செலவாகியிருக்கிறது.

இதுவரை எழுதி மனைவியிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கடைசி வரை கேட்டாள்.

"எழுதுறது இருக்கட்டும். அவகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

கேட்கவில்லை. இந்தத் தடவையும்.

மீனாவுக்குப் போன் போட்டேன். முழுக்கப் படித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்த முறை நான் அதற்கு அர்த்தம் எதுவும் பண்ணிக்கொள்ளாமல் காத்திருந்தேன். கடைசியில் கேட்டாள்.

"அதுல நான் எத்தனை தடவை பேசறேன்ப்பா?"

காகிதங்களைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். "மூணு தடவை."

"பஸ் வந்துருச்சுன்னதையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"சரி, போட்டுக்கங்க" என்றாள். "அன்னிக்குப் போன்ல நான் சொன்னது ஒண்ணுகூடப் போகலை."