கம்பி இல்லாத கூடாரம்

அக்காவின் தையல் மிஷின் கூடத்தில் அப்படியே இருக்கிறது. அதன்மேல் யாரும் எதையும் வைப்பதில்லை. ஆனாலும் அவளை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது.

காப்புக்காட்டுக்குள் தங்கப் போகிறவர்களுக்குக் கூடாரம் வாடகைக்கு விடும் கடையில் அவளுக்கு வேலை. கிழிந்து வருவதைத் தைத்து மடிப்பாள். முள் கிழித்ததா, குரங்கு கிழித்ததா, உள்ளே சண்டை நடந்ததா என்று கிழிசலைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"ஊரெல்லாம் இதுல தூங்கிட்டு வருது. நான் மட்டும் ஊசியால குத்திட்டே இருக்கேன். ஒரு ராத்திரியாவது உள்ள படுக்கணும்டா தம்பி" என்பாள்.

அத்தான் அந்தக் காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவர். "தினம் போற இடம்தானே, என்ன பெரிய சொர்க்கம்?" என்று பல வருடம் தட்டிக்கழித்தார். ஒருவழியாக அனுமதி வாங்கினார். மழைக்காலத்துக்காகக் காட்டை மூடுவதற்கு முந்தைய ராத்திரிக்குத்தான் இடம் கிடைத்தது. என்னையும் சேர்த்து மூன்று பேர் கிளம்பினோம்.

அதைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாறை, பள்ளம், மறுபடி பாறை. என் தலை கூரையில் இடித்த இடமெல்லாம் வீங்கியது. அக்கா முன்சீட்டில் கல்யாணப்பெண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவாப் போங்க, குடல் இடம் மாறுது."

"வாயை மூடிட்டு வா, நாக்கைக் கடிச்சுக்கப் போற."

ஆற்றோர மேட்டில் எங்களுக்கு ஒதுக்கிய இடம். அக்கா பையைப் பிரித்தாள். அழகாக மடித்த துணி வந்தது, கயிறு வந்தது. கம்பிகள் வரவில்லை. கடையில் கம்பிகள் தனியாகச் சுவரோரம் சாத்தியிருக்கும். வாடகைக்குக் கொடுக்கும்போது முதலாளிதான் துணியோடு சேர்ப்பார். துணியை மடித்துப் பையில் போட்டால் வேலை முடிந்தது என்று அவள் கை பழகிவிட்டது.

"கம்பி எங்கம்மா?" என்றார் அத்தான்.

"நீங்க எடுத்து வைக்கலையா?"

"பையைத் தூக்கி வச்சேன். உள்ள நோண்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கில்ல."

"என் கைப்பையை மட்டும் நோண்டுவீங்க."

வேடிக்கைதான், ஆனால் அவள் முகம் வாடிவிட்டது. மூடிய கூடாரத்துக்குள்தான் படுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஜீப்புக்குள்கூடப் படுக்கக்கூடாது. குச்சி ஒடித்தால் அபராதம். சாயங்காலம் வனக்காவலர் பார்க்க வருவார்; கூடாரம் நிற்காவிட்டால் கையோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

அக்கா ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். கைப்பையிலிருந்து கோணூசியும் நூலும் எடுத்தாள்.

"உங்க துண்டைக் கொடுங்க."

"ஐயோ, புதுத் துண்டு!"

துண்டு கிழிபட்டது. அதன் பட்டைகளைக் கூடாரத்தின் உச்சியில் காதுகளாக வைத்துத் தைத்தாள். ஒரு பக்கத்தை ஜீப்பின் மேல்கேரியரில் கட்டி, மறுபக்கத்தைக் கயிற்றால் பாறையோடு இழுத்துக் கட்டினோம். அத்தான் உள்ளே போய்ப் பாயை விரித்தார்.

வனக்காவலர் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இது டென்ட்டாம்மா, ஜீப்புக்குப் போர்வையா?"

"டென்ட்டுதான் சார். ஜிப் போட்டா எறும்புகூட நுழையாது."

"வண்டியோட கட்டியிருக்கீங்களே? கரடி கிரடி வந்தா எப்படிக் கிளம்புவீங்க?"

"ஒரே இழுப்புல அவுந்துடும், பாருங்க!" என்று அக்கா முடிச்சை இழுத்தாள். சொன்னபடியே அவிழ்ந்து, மொத்தக் கூடாரமும் உள்ளே இருந்த அத்தான்மேல் விழுந்தது.

"ஏய்! யாரு அது?" என்று துணி கத்தியது.

வனக்காவலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரிம்மா, மறுபடி கட்டிக்குங்க. காலையில சீக்கிரம் கிளம்பிடணும்" என்று சொல்லிப் போனார்.

மறுநாள் நன்றாக விடிந்துவிட்டது. நானும் அத்தானும் சாமான்களை ஏற்றி முடித்தோம். அக்கா வெளியே வரவில்லை. கூடாரத்தை அவிழ்க்காமல் ஜீப் நகராது. அத்தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.

"செக்போஸ்ட்டை மூடிடுவாங்கம்மா!"

"மூடட்டும். உள்ள இருக்கிறவங்களை வெளிய அனுப்புறது அவங்க பொறுப்பு."

"நேத்து தூங்கினது போதலையா?"

"நேத்து எங்க தூங்கினேன்? டென்ட்டுக்குள்ள இருக்கோம், இருக்கோம்னு முழிச்சுட்டே கிடந்தேன். இப்பதான் கண்ணு சொக்குது."

அத்தான் என்னைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். இறங்கிவந்து, செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஜிப்பைத் திறந்து அவரும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.