மூன்றாம் வகுப்பில் முட்டைக்கடை சுகுணா

திருக்கோகர்ணம் பஸ் ஸ்டாப்பிலிருந்து நாலு கடை தள்ளி முட்டைக்கடை வைத்திருக்கிற சுகுணாவுக்கு நாற்பத்தாறு வயது. வாரத்துக்கு மூன்று நாள் விடியற்காலையில் நாமக்கல்லிலிருந்து லோடு வரும். அட்டை அட்டையாக இறக்கி அடுக்குவது, விரிசல் விட்டதைத் தனியே எடுத்து வைப்பது, சில்லறைக்கு வருகிறவர்களுக்குப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பது எல்லாம் அவள் பாடு. வண்டியில் கட்டிக்கொண்டு போய் ஓட்டல்களுக்கும் பேக்கரிகளுக்கும் போடுவது கணவர் ரகுநாத்தின் பாடு. ஒரே மகள் வைஷ்ணவி திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். சுகுணா எட்டாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் பஸ் போர்டும் கல்யாணப் பத்திரிகையும்தான்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், அவளுடைய போனில் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குரூப் முளைத்திருந்தது. ‘மூன்றாம் வகுப்பு – மாலை ஆறு மணி’ என்று பெயர். ஆவூர் போகிற வழியில் உள்ள ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியின் ஷர்லி டீச்சர் ஆரம்பித்தது. தினமும் ஆறு மணிக்கு டீச்சர் ஒரு கதையில் ஒரே ஒரு பக்கம் அனுப்புவார். படமும் அவரே வரைந்தது. எழுத்து கொட்டைகொட்டையாக இருக்கும். பிள்ளைகள் அதைச் சத்தமாகப் படித்து வாய்ஸ் மெசேஜ் போட வேண்டும். கூடவே வீட்டில் செய்து பார்க்க ஒரு சின்ன அறிவியல் சோதனையும் வரும்.

‘நம்பர் மாறி வந்திருக்கு போல’ என்று சுகுணாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. சொல்லிவிட்டு வெளியேறத்தான் நினைத்தாள். அதற்குள் முதல் பக்கத்தைப் படித்துவிட்டாள்.

சிங்காரி என்கிற ஆடு கீரனூரில் பஸ் ஏறுகிறது. கண்டக்டர் டிக்கெட் எடுக்கச் சொல்கிறார். ஆடு அவர் கையிலிருந்த டிக்கெட் கட்டையே தின்றுவிடுகிறது. அதோடு பக்கம் முடிந்துபோனது.

கண்டக்டர் என்ன செய்திருப்பார்? ராத்திரி தோசை ஊற்றும்போதும் அதே நினைப்புதான். சரி, நாளைக்கு மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று விட்டாள். மறுநாள் டிரைவர் பக்கத்து சீட்டில் ஆடு ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கு மறுநாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்தார். இப்படியே ஒரு வாரம் ஓடிப்போனது. இனிமேல் போய், “நான் யாரோ” என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. மூச்சுக் காட்டாமல் இருந்துவிட்டாள்.

ஆறு மணி ஆனால் கடையில் நல்ல கூட்டம் இருக்கும். கூட்டம் குறைந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலில் பக்கத்தைப் படிப்பாள். முதல் நாட்களில் எழுத்துக்கூட்டித்தான் போக முடிந்தது. பிறகு பத்தொன்பது பிள்ளைகளின் குரலையும் வரிசையாகக் கேட்பாள். கார்முகில் என்ற பெண் கண்டக்டருக்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றிப் படிப்பாள். கவியரசன் என்ற பையன் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூக்கை உறிஞ்சுவான். முகம் தெரியாத அத்தனை பேரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

சோதனைகளையும் விடவில்லை. நந்தியாவட்டைப் பூவை நீல மை கலந்த தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொன்னார் டீச்சர். மதியம் ஓட்டல்களுக்கு முட்டை போட்டுவிட்டுத் திரும்பிய ரகுநாத், தன்னுடைய காபி டம்ளரில் மையும் பூவும் நிற்பதைக் கண்டு திகைத்துப் போனார்.

“என்ன சுகுணா இது? யாருக்காவது வைத்தியமா?”

“ச்சும்மாங்க. அங்கிட்டு வச்சிருங்க, கொட்டிராதீங்க.”

சாயங்காலத்துக்குள் வெள்ளைப் பூவின் ஓரமெல்லாம் நீலம் ஏறியது. அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து டீக்கடை வரை போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

அந்தக் குரூப்பில் அவளுக்கு ஒரே ஒரு வருத்தம் இருந்தது. இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இளமதி என்ற பெண் மட்டும் ஒரு நாளும் படித்து அனுப்பியதில்லை. ‘இளமதி வீட்டில் யாராவது பதில் சொல்லுங்க, கேட்டா புள்ள தலையக் குனிஞ்சுக்குது’ என்று டீச்சர் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டார். ‘என்ன பெத்தவங்களோ! புள்ளைய ஒரு அஞ்சு நிமிசம் ஒக்கார வச்சுப் படிக்கச் சொல்ல முடியலையாக்கும்’ என்று சுகுணாவுக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஏழு வாரம் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை வந்த சோதனை அவளுடைய தொழிலைப் பற்றியதாகவே இருந்தது. இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் நாலு கரண்டி உப்புக் கரைத்து, இரண்டிலும் முட்டையைப் போட்டு, எது மிதக்கிறது என்று பார்க்க வேண்டும். சுகுணாவுக்குச் சிரிப்பாக இருந்தது. அவளிடம் இல்லாத முட்டையா? செய்து பார்த்தாள். நல்ல தண்ணீரில் முட்டை அடியில் போய்ப் படுத்தது. உப்புத் தண்ணீரில் மேலே வந்து நின்றது.

பிள்ளைகளும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தார்கள். கவியரசன் மட்டும் வேறு சொன்னான்.

“டீச்சர், எங்க வீட்டு முட்டை உப்புப் போடாமலே மெதக்குது டீச்சர்.”

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ‘டம்ளரை மாத்திப் பாத்திருப்பே, மறுபடியும் செஞ்சு பாரு’ என்றார் டீச்சர். அவன் படம் எடுத்தே அனுப்பிவிட்டான். முட்டை தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. பின்னாலேயே அவன் குரலும் வந்தது.

“நெசமாத்தான் டீச்சர். போதும் வெளையாட்டு, குடுன்னு எங்கம்மா கேக்குறாங்க. ஆம்லெட் போடப் போறாங்களாம்.”

சுகுணா யோசிக்கவே இல்லை. மைக்கை அழுத்திப் பேசிவிட்டாள்.

“ஏய் தம்பி, அந்த முட்டைய ஒடைக்காத! அம்மாட்ட சொல்லு, அது கெட்டுப்போன முட்டை. தின்னா வயித்துக்கு ஆகாது. முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரக்கணக்குல இருக்கு. நாளாக ஆக உள்ள இருக்கிற தண்ணி ஆவியாப் போயி, அந்த எடத்துல காத்து வந்து உக்காந்துக்கும். அதான் மெதக்குது. நீ சொன்னது பொய்யில்லடா சாமி. தூரக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் பொதைச்சிரு.”

விரலை எடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஐந்து நிமிடம் கழித்து கவியரசன் வந்தான். “பொதைச்சுட்டோம். எங்கம்மா தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க.” அடுத்தது டீச்சர்: ‘அருமையான விளக்கம்! நீங்க யாரோட அம்மா?’

சுகுணா போனைக் கவிழ்த்து வைத்தாள். அது அடிக்க ஆரம்பித்தது. எடுக்காமல் இருக்க மனசு வரவில்லை.

“வணக்கங்க, ஷர்லி டீச்சர் பேசுறேன். இவ்வளவு விவரம் தெரிஞ்ச நீங்க இத்தனை நாளா ஏங்க பேசவே இல்ல?”

“டீச்சர், மன்னிச்சுக்கங்க. நான் யாரோட அம்மாவும் இல்ல. அதாவது ஒங்க கிளாஸ்ல. திருக்கோகர்ணத்துல முட்டைக்கடை வச்சிருக்கேன். நம்பர் மாறி வந்திருச்சு. மொத நாளே சொல்லிருக்கணும். அந்த ஆடு என்ன பண்ணுதுன்னு பாக்கலாம்னு…”

அந்தப் பக்கம் டீச்சர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஏதோ காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. சட்டென்று சிரிப்பு நின்றது.

“ஒங்க நம்பர் கடைசியில எண்பத்தாறா? இங்க அது இளமதியோட அப்பா நம்பர்னு இருக்குங்க. பழைய ரெஜிஸ்டர்ல அறுபத்தெட்டுன்னு இருக்கு. இந்த வருசம் அவர் மாத்தி எழுதிக் குடுத்திருக்கார் போல.”

சுகுணாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏழு வாரமாக அந்தப் பெண்ணுக்கு வர வேண்டிய கதையெல்லாம் தன்னிடம்தான் வந்துகொண்டிருந்தது. தான் ஒவ்வொன்றையும் பார்த்ததும் விழுந்த நீல டிக் குறிகளை நம்பித்தான், வீட்டில் பார்த்துவிட்டும் பிள்ளையைப் படிக்க வைப்பதில்லை என்று டீச்சர் நினைத்திருக்கிறார். தான் திட்டிய பெற்றோருக்கோ ஒன்றுமே தெரியாது.

அன்று ரகுநாத்திடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“இப்ப என்ன, ஆளையா கொன்னுட்ட? சனிக்கெழம லோடு கெடையாது. வண்டியில ஏறு, நேராப் போய்ச் சொல்லிட்டு வருவோம்.”

சனிக்கிழமை காலையில் ஷர்லி டீச்சரும் கூட வந்தார். இளமதியின் அம்மா சொர்ணவல்லி வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா திருப்பூரில் டைல்ஸ் வேலை. வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். வீட்டில் இருந்த ஒரே போனும் அவரோடுதான். எல்லாவற்றையும் கேட்ட சொர்ணவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஏக்கா, எம்புள்ளைக்கு வர வேண்டியத நீங்க ஒக்காந்து படிச்சுக்கிட்டு இருந்தீங்களா? ஸ்கூல்ல எல்லாப் புள்ளையும் ஆடு, ஆடுன்னு பேசுதாம். எனக்கு மட்டும் தெரியலன்னு இது வந்து அழுவுது. என்ன ஆடு, எந்த ஆடுன்னு நான் முழிச்சுக்கிட்டு இருந்தேன்!”

“தப்புதான் ஆத்தா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே சரியாப் போயிருக்கும். ஒண்ணையும் அழிக்கல, எல்லாம் இருக்கு. இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். மொதப் பக்கத்துலேருந்து படிக்க வச்சுட்டுத்தான் போவேன்.”

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த இளமதி மெல்ல வெளியே வந்தாள். இரட்டைச் சடை, ஒல்லியான உருவம்.

“அந்த ஆடு கடைசில எறங்குச்சா?” என்று கேட்டாள்.

“நான் சொல்ல மாட்டேன். நீயே படி” என்று போனை நீட்டினாள் சுகுணா.

இத்தனை நாள் விட்டுப்போன பிள்ளை, திக்கித் திணறும், நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று சுகுணா நினைத்திருந்தாள். இளமதி மடமடவென்று படித்தாள். சுகுணா தன் பங்குக்கு ஒரு வரி படித்து, ‘பரிசோதகர்’ என்பதில் தடுக்கி விழுந்தபோது, “அப்படி இல்ல அத்தை” என்று திருத்தினாள். பத்தாவது பக்கத்தில் ஆடு பஸ்ஸின் ஹாரனை முட்டி அடித்தபோது இளமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடலை உரித்துக்கொண்டிருந்த சொர்ணவல்லி முறத்தோடு ஒவ்வொரு அடியாக நகர்ந்து பக்கத்தில் வந்திருந்தாள். பதினேழாவது பக்கம் முடிந்ததும் இளமதி தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

“அடியே, எங்க போற? அடுத்து என்னாச்சுன்னு படிச்சுட்டுப் போ!” என்றாள் அம்மா.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். சொர்ணவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மதியம் சோறு போட்டுத்தான் விட்டாள். ரகுநாத் இரண்டு தடவை சுரைக்காய்க் கூட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ஊருக்கு வந்த அப்பா புதிதாக ஒரு போன் வாங்கி வீட்டில் வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை அந்த நம்பர் குரூப்பில் ஏறியது. பெற்றோர் அல்லாதவர்கள் பிள்ளைகளின் குரூப்பில் இருக்கக் கூடாது என்பதால் சுகுணாவின் நம்பரை எடுத்துவிட்டார்கள். டீச்சர் போன் செய்து வருத்தத்தோடுதான் சொன்னார். “அதானே டீச்சர் முறை” என்றாள் சுகுணா. ஆனால் ஆறு மணி அடித்தபோது அவளுக்குக் கை ஓடவில்லை. வாங்க வந்தவருக்கு அரை டஜனுக்குப் பதில் ஒரு டஜன் சுற்றிக் கொடுத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்துத் தலைமை ஆசிரியர் அருள்மணி சாரே கூப்பிட்டார்.

“எங்க புள்ளைக ஒங்களப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம்மா. வர்ற புதன்கிழமை அறிவியல் மன்றம் நடக்குது. நீங்க வந்து முட்டையப் பத்திப் பேசணும்.”

“சார், நான் எட்டாவதுதான்.”

“எங்க புள்ளைக மூணாவதுதாம்மா. நீங்க பெரிய கிளாஸ்.”

புதன்கிழமை கத்தரிப்பூக் கலர் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கையில் இரண்டு அட்டை முட்டையோடு பஸ் ஏறினாள். பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் ஜன்னலைச் சாத்தி, அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே பல்பு எரியவிட்டாள். ஒவ்வொரு முட்டையாக அந்த ஓட்டையில் வைத்தபோது இருட்டில் முட்டை ஆரஞ்சு விளக்கு மாதிரி ஒளிர்ந்தது. ‘ஓ’வென்று பிள்ளைகள் போட்ட சத்தத்தில் சத்துணவு அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். முட்டையின் அகலமான முனையில் தெரிகிற காற்றறையைக் காட்டி, சின்னதாக இருந்தால் புதுசு, பெருசாக இருந்தால் பழசு என்று சொல்லிக்கொடுத்தாள். உடனே பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு முட்டைகளை வரிசைப்படுத்தினார்கள். கார்முகிலும் இளமதியும் ஒரே ஒரு முட்டை புதுசா பழசா என்று சண்டை போட்டார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு பையன் வந்து அவளை ஒட்டி நின்றான். பெயர் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. குஞ்சு உள்ளே எப்படி மூச்சு விடும்? சில முட்டை மட்டும் ஏன் பழுப்பாக இருக்கு? தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். கோழிக்குக் கனவு வருமா என்று இளமதி கேட்டபோது அருள்மணி சாரும் தெரியாது என்றுதான் சொன்னார்.

புறப்படும்போது சார் பார்வையாளர் புத்தகத்தைத் திறந்து, பேனாவை நீட்டினார். சுகுணா பிள்ளைகளுடைய குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். பின்னால் ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. நிதானமாக, அழித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்:

‘பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். என்னிடம் இருபத்திரண்டு கேள்வி கேட்டார்கள். நான்கிற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டு அடுத்த மாதம் வருகிறேன். ர. சுகுணா.’