மணி அடிக்காத மெஷின்

1987. தைப்பூசம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரை மணிக்கு மார்சிலிங் வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் என் மனைவி தெய்வானையும் கிளம்பினோம். கம்ப்யூட்டர் வாங்கப் போவதையெல்லாம் இன்று யாரும் பயணம் என்று சொல்லமாட்டார்கள். எங்களுக்கு அன்று பழனிக்குப் புறப்படுகிற மாதிரி இருந்தது.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தெய்வானை ராபின்சன் ரோட்டில் ஓர் ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்ட். அங்கே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வரும் தீபாவளிக்குப் பிறகு கடிதமெல்லாம் அதில்தான், பழகாதவர்கள் கிடங்கில் பெட்டி கட்டப் போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நாள் அதன் முன் உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ நடந்து, சின்னப் பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். என்ன நடந்தது என்று என்னிடம் சொல்லவில்லை. "எனக்கு அது வராதுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

நான் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். தமிழ்ப் பள்ளியில் ஆறாவதுவரை படித்தவன். வீட்டிலேயே ஒன்று இருந்தால் யார் சிரிக்கப் போகிறார்கள் என்று தோன்றியது. கடையில் முழுசாகச் செய்து விற்பது எங்கள் கைக்கு எட்டாது. தனித்தனியாகச் சாமான் வாங்கி நாமே சேர்த்து முடுக்கிக்கொண்டால் ஆயிரத்து நூறு வெள்ளி டாலருக்குள் முடியும் என்று கூட வேலை செய்யும் ரஹ்மான் சொன்னார். பெட்டி, பவர் சப்ளை, மதர்போர்டு, டிஸ்க் டிரைவ், மானிட்டர், கீபோர்டு. மந்திரம் மாதிரி அதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஜொகூரிலிருந்து வரும் 170-ஆம் நம்பர் பஸ் அது. கிராஞ்சி தாண்டி, புக்கிட் பாஞ்சாங் கடைகள் தாண்டி, புக்கிட் தீமா கால்வாயை ஒட்டியே நகரத்துக்கு இறங்கும். தெய்வானை வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் வைத்திருந்த பையின் மேல் விரல்கள் மட்டும் எதையோ அடித்துக்கொண்டிருந்தன.

பத்து மணி. ரோச்சோரில் இறங்கினோம். முன்பெல்லாம் அந்தக் கால்வாய்ப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்போது சுத்தம் செய்து, தண்ணீர் தெரிய ஆரம்பித்திருந்தது. கடைகள் திறக்க நேரம் இருந்ததால் தேக்கா வழியாக நடந்து சிராங்கூன் ரோட்டுக் காளியம்மனைப் பார்க்கப் போனோம். அந்த அம்மாவிடம் சொல்லாமல் நான் ஒரு ஆணி வாங்கினதில்லை.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் குருக்கள்.

"தெய்வானை, பூச நட்சத்திரம். கம்ப்யூட்டர் வாங்கப் போறோம் சாமி."

அவர் தட்டோடு நின்றுவிட்டார். "புதுக் காருன்னா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் குடுப்பேன். இதுக்குச் சக்கரம் இருக்கா?"

"இல்ல சாமி."

"பரவால்ல, வச்சுக்குங்க" என்று ஒரு பழத்தைக் கொடுத்தார். காலையிலிருந்து அப்போதுதான் தெய்வானை சிரித்தாள்.

பதினொரு மணிக்கு ஜாலான் புசார் முனையில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் அந்த உயரக் கட்டடத்துக்குள் நுழைந்தோம். ஈயம் உருகும் வாசனை. கண்ணாடிப் பெட்டிகளில் சில்லுகள் பல்லி முட்டை மாதிரி அடுக்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பன்னிரண்டுக்கு. அதற்குள் முதல் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். மூன்று கடை ஏறி இறங்கி, இரண்டாம் மாடியில் ஒரு வயதான சீனத் தவுக்கேயின் கடையில் நின்றோம். அவர் கல்லாவுக்குக் கீழே ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. எனக்கு அது போதும்.

அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து, பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' சேர்த்துப் பேசினார். மதர்போர்டும் டிரைவும் எடுத்து வைத்தார். கலர் மானிட்டர் விலையைக் கேட்டதும் நானே கையை இழுத்துக்கொண்டேன். எழுத்து பச்சையில் தெரிகிற ஒன்று நூற்றெண்பது வெள்ளி. "கடிதம் அடிக்கக் கலர் எதுக்கு லா?" என்றார். நியாயம்தான்.

கடைசியில் கீபோர்டு. ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினில் மாட்டிவிட்டு, "ஆண்டி, அடிச்சுப் பாருங்க" என்றார்.

தெய்வானை பின்னால் போய் நின்றுகொண்டாள். "நீங்களே பாத்து எடுங்க."

நான் ஒற்றை விரலால் இரண்டு எழுத்தைக் குத்திப் பார்த்துவிட்டு, "இதுவே நல்லாத்தான் இருக்கு. நாப்பத்தஞ்சு வெள்ளிதான்" என்றேன்.

"ஐயோ, அது கொழகொழன்னு இருக்குங்க! சத்தத்துலயே இங்கருந்து தெரியுது. தள்ளுங்க" என்று என்னை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். இன்னொன்றை மாட்டச் சொன்னாள். அதுவும் சரியில்லை. மூன்றாவதை மாட்டியதும் அவள் விரல்கள் ஓடின பாருங்கள்! அடைமழை தகரத்தில் விழுகிற மாதிரி. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வரி முடிந்தது. சட்டென்று அவள் இடது கை மேலே எழும்பி, மானிட்டர் ஓரத்தில் இல்லாத ஒரு கைப்பிடியைத் தேடி வீசியது. அங்கிருந்த தவுக்கேயின் கோப்பிக் கோப்பை தரையில் விழுந்தது.

தெய்வானை முகம் செத்துவிட்டது. ஆபீசில் நடந்ததும் இதுதான் என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. டைப்ரைட்டரில் வரி முடியப் போகும்போது 'டிங்' என்று மணி அடிக்கும். இடது கை தானாகப் போய்க் கைப்பிடியைத் தள்ளும். எத்தனை வருஷப் பழக்கம் அது!

"சாரி, சாரி..." என்று எழுந்தவள், என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "மணி அடிக்கலீங்க. வரி எங்க முடியுதுன்னு எப்படித் தெரியும்?"

அவள் கேட்டதை நான் மலாயில் சொன்னதும் தவுக்கே வயிறு குலுங்கச் சிரித்தார். போச்சு, இனி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவரோ கல்லாவுக்கு அடியில் குனிந்து எதையோ தூக்கி மேலே வைத்தார். பழைய டைப்ரைட்டர் ஒன்று!

"கம்ப்யூட்டர் விக்கிறவன் நான். பில் அடிக்கிறது இதுலதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க லா" என்றார். எங்கள் பில்லை அதிலேயே அடித்தார். டிங் என்றது. அவரும் தெய்வானையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவர் திரையைக் காட்டினார். "இதுல கை வேணாம் ஆண்டி. அதுவே கீழே இறங்கிக்கும்."

மூன்றாவது கீபோர்டு தொண்ணூற்றைந்து வெள்ளி. தேக்காவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் திரும்ப டாக்சிக்கும் ஒதுக்கிய காசு அதில் போயிற்று. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கப் பணம் கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு வடை, ஒரு தேத்தண்ணி. அட்டைப் பெட்டிகளோடு பஸ் ஏறினால் டிரைவர் நம் ஆள்.

"என்னண்ணே, வீடு மாத்துறீங்களா?"

"கம்ப்யூட்டர் தம்பி. உன் அண்ணிக்கு."

"அண்ணிக்கா? சோறு ஆக்குமா அது?"

"ஒரு நாளைக்கு உங்க பஸ்ஸையே ஓட்டும் லா. பாத்துக்கிட்டே இருங்க" என்றாள் தெய்வானை. பஸ் முழுக்கச் சிரிப்பு. போகும்போது வாய் திறக்காதவள் மார்சிலிங் வரை பேசிக்கொண்டே வந்தாள்.

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் முடுக்கினேன். வெள்ளிக்கிழமை மாலை பெட்டியின் மூடிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். "மதர்போர்டுன்னா தாய்தானே, அதுக்கும் ஒரு பொட்டு..." என்றதும், "உள்ள பூசினீங்க, உங்களுக்குத்தான் சாத்து!" என்று கையைத் தட்டிவிட்டாள். எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் வைத்து, மணி அடித்துச் சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டேன். பச்சை எழுத்து வந்தது. அம்மா தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அவள் அடித்தாள். வரி முடிந்தது. பாழாய்ப்போன கை மறுபடியும் எழும்பியது. வெறும் காற்றில் நின்றது. அவள் தோள் தொங்கிப் போனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். என் கையில் பூஜை மணி இன்னும் இருந்தது. என்ன நினைத்தேனோ, ஒரு தரம் அடித்தேன்.

டிங்.

திரும்பிப் பார்த்தாள். "சாமி மணிய இதுக்கா அடிக்கிறது?"

"சாமி ஒண்ணும் சொல்லாது. நீ அடுத்த வரி அடி."

சிரித்துக்கொண்டே அடித்தாள். பிறகு தினமும் மாலையில் அவள் அடிப்பாள், நான் வரிக்கு ஒரு மணி. நாளாக ஆக அவள் கை எழும்புவது குறைந்தது. நானும் ஒன்றிரண்டு வரி விட்டு விட்டு அடித்து, ஒருநாள் நிறுத்திவிட்டேன். தீபாவளிக்குப் பிறகும் அவள் அதே நாற்காலியில்தான் இருந்தாள். ஓய்வு பெறும்வரை இருந்தாள்.

இப்போது மார்சிலிங்கிலிருந்து ரயிலிலேயே தேக்காவுக்குப் போய்விடலாம். அந்த மெஷின் எப்போதோ போயிற்று. மணி மட்டும் இருக்கிறது. மாலையில் தீபம் காட்டி அதை அடிக்கும்போது, கண்ணை மூடிக் கும்பிட்டு நிற்கிறவளின் இடது கை சில நாள் லேசாகப் பிரிந்து, ஓரமாய் ஒரு விரற்கடை நகர்ந்து, மறுபடி வலது கையோடு சேர்ந்துகொள்ளும். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. இன்னொரு தரம் அடிப்பேன்.