வெள்ளிக்கிழமையில் அது கத்தி

சனி முதல் வியாழன் வரை என் பெல்ட்டில் தொங்கும் சாமானை இந்த ஊரில் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். விரித்தால் குறடு. குறட்டின் கைப்பிடிக்குள் இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்ன அரம், ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு கத்தி. விசா கேன்சலாகி ஊருக்குப் போன பிலிப்பினோ மெக்கானிக் ஒருவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன மல்டிடூல் அது. ராஸ் அல் கைமாவில் மலையடிவாரத்து சிமெண்ட் ஆலையில் கன்வேயர் பெல்ட்டைப் பழுது பார்ப்பது என் வேலை. ஆலை உடுப்பான நீலக் கவரால் போட்ட ஆளிடம் இருந்தால் அது டூல். அதே ஆள் லீவு நாளான வெள்ளிக்கிழமை குளித்து, பேண்ட் சட்டை போட்டு, அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினால் அது கத்தி. கத்தி என்றால் கேஸ், கேஸ் என்றால் ஊர். இப்படித்தான் நாங்கள் தங்கியிருக்கும் லேபர் கேம்பில் சொன்னார்கள். சட்டத்தை எங்களில் யாரும் படித்ததில்லை, அது அரபியில் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த சட்டமெல்லாம் மெஸ்ஸில் சோற்றுக்கு நிற்கும் வரிசையில் காதில் விழுந்ததுதான்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் அரியலூர்ப் பக்கம் சைக்கிள் கேரியரில் அரிவாளைச் செருகிக்கொண்டு தழை வெட்டப் போகிறவனை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒருமுறை எங்கள் ஊர் கடைத்தெருவில் கான்ஸ்டபிள் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. என் அரிவாளை வாங்கி, தான் வாங்கி வைத்திருந்த இளநீரைச் சீவிக் குடித்துவிட்டு, "சாணை புடிக்கக் கூடாதாய்யா" என்று திட்டித் திருப்பிக் கொடுத்தார். முழம் நீள அரிவாளுக்கு அங்கே வசவு, விரல் நீளக் கத்திக்கு இங்கே விமானம். எந்த ஊர் நியாயம் சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அந்த மல்டிடூல் தற்காப்புக்குத் தேவைப்பட்டது செல்வத்துக்கு அடி விழுந்த பிறகுதான். செல்வம் என் ரூம்காரன், எனக்கு மேல்கட்டில். ஜெயங்கொண்டத்துப் பக்கம், என்னை விட எட்டு வயது சின்னவன். ஊருக்குப் பேச, கேம்பிலிருந்து மெயின் ரோட்டு டெலிபோன் கடைக்கு இருபது நிமிட நடை. பாதி வழி, லாரிகள் நிறுத்தும் மைதானத்துக்குள். அந்த லாரிகளுக்கு நடுவிலிருந்து இரண்டு பேர் வந்து அவன் மொபைலைப் பிடுங்கிக்கொண்டு, விடமாட்டேன் என்றவனின் மணிக்கட்டை ஒடித்துவிட்டுப் போனார்கள். போலீசுக்குப் போகலாமா என்று கேட்டேன். "போனா மொத ஆளா என்னையத்தாண்ணே உக்கார வைப்பாங்க. படிக்கட்டுல விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன், விடுங்க" என்றான். அதன் பிறகு அந்தப் பாதையில் எங்களுக்கு யார் மீதும் நம்பிக்கை இல்லை. பாகிஸ்தான் பட்டாணியின் தொளதொள சட்டைக்குள் என்ன இருக்கிறது, பங்களாதேஷிக்காரன் பிளாஸ்டிக் பையில் எதைச் சுற்றி வைத்திருக்கிறான் என்றே கண் போகும். எங்களைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்தார்களோ.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெள்ளிக்கிழமையும் கவரால் போட்டுக்கொண்டால் டூல் டூலாகவே இருக்கும் அல்லவா? துவைத்த கவராலை மாட்டி, பெல்ட்டில் மல்டிடூலைத் தொங்கவிட்டுக்கொண்டு வாராவாரம் டெலிபோன் கடைக்குக் கிளம்பினேன். கையில் கட்டுப் போட்ட செல்வமும் கூடவே வந்தான். லாரி மைதானத்தில் அவன் என் தோளோடு ஒட்டித்தான் நடப்பான். "நீங்க இருந்தா தைரியமா இருக்குண்ணே" என்பான். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்காவது வெள்ளிக்கிழமை செல்வத்துக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன். மைதானத்தைத் தாண்டியதும் ஒரு வெள்ளை வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவர் பாகிஸ்தானி. பக்கத்தில் வெள்ளைக் கந்தூரா அங்கி போட்ட ஒரு அரபி, மடியில் ஃபைல். தொழிலாளர்களைச் சோதிக்க வந்த அதிகாரி என்று பார்த்ததும் புரிந்தது. லேபர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆஜ் ஜும்மா. காம் கிதர்?" என்றார் டிரைவர். இன்று வெள்ளி, எங்கே வேலை என்கிறார். "காம் மாஃபி" என்றேன், வேலை இல்லை என்று. அரபி என் பெல்ட்டைக் காட்டி ஏதோ கேட்டார். வேலை இல்லையென்றால் இது எதற்கு என்று டிரைவர் மொழிபெயர்த்தார்.

என் யோசனையின் ஓட்டை அங்கேதான் தெரிந்தது. கேம்பில் கத்தியைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. விசா கொடுத்த முதலாளியான கஃபீலை விட்டுவிட்டு, லீவு நாளில் வேறொருவரிடம் வேலைக்குப் போவது. வெள்ளிக்கிழமை கவராலும் டூலுமாகத் திரிகிறவனைப் பார்த்தால் அதைத்தான் நினைப்பார்கள். வேலைக்கான டூல் என்றால் திருட்டு வேலைக்காரன். வேலைக்கு இல்லை என்றால் கத்திக்காரன். எப்படிச் சொன்னாலும் விசா போய்விடும். போனால் அடுத்த வாரமே வீட்டில் இருக்கலாம் என்று ஒரு நொடி மனம் சபலப்பட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு பயம் வென்றது. உண்மையைச் சொல்லிப் பார்த்தேன்: "பாய், ராஸ்தா மே சோர்." வழியில் திருடன் என்றேன். டிரைவர் அதை அரபியில் சொன்னதும் அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அவருடைய ஊரைத் திருட்டு ஊர் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டார் போல. "ஹினா மாஃபி ஹராமி" என்றார் மெதுவாக. இங்கே திருடர்கள் இல்லை. "கேம்ப் மே காம்", கேம்பில் வேலை என்று பொய்க்கு மாறினேன். எங்கே, காட்டு என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

கேம்ப் பாஸ் பேபிச்சன் மலையாளி. வண்டியையும் என் முகத்தையும் பார்த்தவுடன் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். ஆமாம், மெஸ்ஸில் எக்ஸாஸ்ட் ஃபேன் ரிப்பேர், நான்தான் வரச் சொன்னேன் என்று அரபியிலேயே அடித்துவிட்டார். என் காதருகே, "எடா, நான் சொன்ன பொய்க்கு நீ ரெண்டு ஸ்க்ரூவாவது கழட்டு" என்றார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தி, ஸ்டூல் போட்டு ஏறி, மல்டிடூலால் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினேன். சாப்பாட்டுத் தட்டோடு முழு கேம்பும் வேடிக்கை பார்த்தது. அதிகாரிக்குத் திருப்தி. போகும்போது வண்டிக்குள் ஆடிக்கொண்டிருந்த வெயில் மறைப்பைக் காட்டினார். அதையும் இறுக்கிக் கொடுத்தேன். என் தோளில் தட்டி "ஜேன்", நல்லது என்றார். ஜும்மாவில் ஆளை வேலை வாங்காதே என்று பேபிச்சனைத்தான் எச்சரித்துவிட்டுப் போனார். தப்பித்தோம் என்று அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் அதே வெள்ளை வண்டி வந்தது. வெளியில் பெயிண்டிங் வேலைக்குப் போன இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அதில் ஒருவன் செல்வத்தின் பங்காளி. நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் அதிகாரியின் வண்டியிலிருந்து இறங்கியவன் நான், அவர் தோளில் தட்டிய ஆள் நான். அன்றிலிருந்து நான் உள்ளே வந்தால் ரூமில் பேச்சு நின்றது. குழம்பு வழக்கம்போல என் தட்டில் விழுந்தது, யாரும் முகம் பார்க்கவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் மேல்கட்டிலைப் பார்த்து, "செல்வம், நீயுமாடா என்னைச் சந்தேகப்படுற?" என்று கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலையேண்ணே" என்றான். எனக்கு அழுகை வந்தது. சத்தியம் பண்ணியிருப்பேன். எந்தச் சாமியின் பேரில் பண்ணினாலும் அது நடிப்பாகத்தான் பட்டிருக்கும்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பேண்ட் சட்டையில், மல்டிடூலைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, வெறுங்கையோடு டெலிபோன் கடைக்குப் போனேன். லாரி மைதானத்தில் எனக்கு முன்னால் ஒருவன் தனியாக நடந்துகொண்டிருந்தான். என் காலடி கேட்டுத் திரும்பினான். செல்வம். கட்டுப் பிரித்த கை சட்டென்று பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது. போன கை வெளியே வரவில்லை. பாக்கெட்டுக்குள் எதையோ பிடித்திருக்கும் கை எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே சட்டியில் தின்கிற இரண்டு பேர் இருபதடி தூரத்தில் அப்படியே நின்றோம். கடைசியில் அவன், "நீங்க முன்னாடி போங்கண்ணே" என்றான். போனேன். முதுகு முழுக்கக் காதாக, அவன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மெயின் ரோடு வரை நடந்தேன். திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

கடையில் பூத்துகளுக்கு நடுவே ஒட்டுப்பலகைதான் தடுப்பு. எனக்கு மூன்று, அவனுக்கு நான்கு. வீட்டுக்காரி, "ரூம்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பலகைக்கு அந்தப் பக்கம் செல்வம் தன் அம்மாவிடம் பேசுவது கேட்டது. "ஒத்தையில வரலம்மா. அண்ணன் கூடத்தான் வந்திருக்கேன். நீ பயப்படாத."