அக்கா செய்த மாப்பிள்ளைக் கார்

இந்த நினைவு மலரின் அட்டைக்காக அக்காவின் புகைப்படத்தோடு ஒரு காரின் புகைப்படத்தையும் கொடுத்திருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் அச்சகம் வைத்திருப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இது யாரோட வண்டி? அவங்க ஓட்டுவாங்களா?" என்று கேட்டார். வண்டி ஒரு முழ நீளம்தான் இருக்கும், அக்கா கையால் செய்தது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

அந்தக் காரை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. ஓராண்டு நினைவு நாளில் இம்மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தங்கை எழுதுகிறேன் என்பதற்காக எதையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. கூட்டிச் சொல்வது அக்காவுக்குப் பிடிக்காது.

அக்கா சேலையூரில் பிறந்தார். எங்கள் குடும்பத்துக்கு அங்கே ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் தலையெடுத்தபோது அது மனைகளாகப் பிரிந்து விலைபோய்விட்டது. பெரியப்பா அரிசிக் கடை வைத்தார். அப்பா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, கல்யாண மண்டபம் வைத்திருந்த ஒருவரிடம் ஓட்டுநராகச் சேர்ந்தார். அக்கா பள்ளி முடித்ததும் தொழிற்பயிற்சி நிலையத்தில் வரைபடப் படிப்பு படித்து, எழும்பூரில் ஒரு அரசு அலுவலகத்தில் டிரேசராக வேலைக்குப் போனார். பொறியாளர்கள் பென்சிலால் போட்ட படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து மையால் படியெடுக்கும் வேலை அது. பாலமோ மதகோ, ஒரு கோடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. காலையில் மின்சார ரயிலில் போய் மாலையில் திரும்பும்போது அக்காவின் வலது நடுவிரலில் மைக்கறை இருக்கும். ஞாயிற்றுக்கிழமையிலும் அது முழுதாகப் போனதில்லை.

அக்காவின் சுபாவத்துக்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா அக்காவின் வயதில் இரண்டைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். காபித் தட்டோடு வந்த அக்கா, "இல்லீங்க, வர்ற ஆடியோட இருபத்தாறு முடியுது" என்று சொல்லிவிட்டுக் காபியைக் கொடுத்தார். அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். அம்மா அன்று சாப்பிடவில்லை. அக்கா சாப்பிட்டார்.

எண்பதுகளின் நடுவில் அந்த விபத்து நடந்தது. மண்டப முதலாளியிடம் இங்கிலாந்தில் செய்த ஒரு பழைய திறந்த கார் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் வெளியே வரும். பூவும் சீரியல் பல்புமாக அதை அலங்கரித்து, முன்னால் பேண்டு வாத்தியம் போக, நடை வேகத்தில் ஓட்டுவார்கள். வடக்கே பல்லாவரம், தெற்கே கூடுவாஞ்சேரி வரைக்கும் அதற்கு மாப்பிள்ளைக் கார் என்றே பெயர். முப்பது வருடமாக அதை ஓட்டியவர் அப்பா.

ஒரு மாலை, ஏரிக்கரையிலிருந்து தெருவுக்குள் இறங்கும் சரிவில் ஊர்வலம் நின்றது. விளக்குக்கு ஜெனரேட்டர் வைத்திருந்தவர் கூப்பிட்டார் என்று அப்பா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க, வண்டி தானாக உருண்டது. முன்னால் நின்று கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தவரின் கால் முறிந்தது. நல்லவேளையாக உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஹேண்ட் பிரேக்கு போட்டுட்டுத்தான் எறங்கினேன். அது பல்லுலேர்ந்து வழுக்கிடுச்சு" என்று அப்பா காவல் நிலையத்தில் சொன்னார். அதற்கு முந்தைய மாதம்தான் பழனி என்ற மெக்கானிக் அந்தப் பிரேக்கைப் பிரித்துப் பூட்டியிருந்தார். ஆகவே வழக்கில் அப்பாவோடு பழனி அண்ணன் பெயரும் சேர்ந்தது. அவருடைய பட்டறைக்கு வண்டிகள் வருவது குறைந்தது.

வழக்கு தொடங்கியபின் பல மாதம் கார் காவல் நிலையத்துப் புங்கமரத்தின் கீழ் நின்றது. முதலாளி அதை மீட்டவுடன் விற்றுவிடப் போகிறார் என்று தெரிந்ததும் அக்கா வக்கீலிடம், "வண்டியை அப்படியே அளந்து, எட்டுல ஒரு பங்கு அளவுல செஞ்சு குடுக்கறேன் சார். பிரேக் எப்படி வழுக்கும்னு ஜட்ஜ் நேரா பாத்துக்கலாம்" என்றார். வக்கீல் மறுக்கவில்லை. நம்பிக்கையோடு சொன்னதாகவும் தெரியவில்லை. "செய்யுங்கம்மா, பாப்போம்" என்றார்.

வக்கீல் வாங்கிக் கொடுத்த அனுமதியோடு அக்கா ஞாயிறுதோறும் காவல் நிலையத்துக்குப் போனார். தரையில் பழைய புடவையை விரித்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து அளந்தார். கைப்பிரேக்கின் அடியில் பல் பல்லாக ஒரு இரும்புப் பட்டை இருக்கும். பிடியை இழுத்தால் ஒரு கொக்கி அந்தப் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். விடுவிக்க வேண்டுமானால் பிடியின் தலையில் உள்ள குமிழைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அந்தப் பல்லின் மேல் மெழுகை அழுத்தி அச்சு எடுத்துக்கொண்டார். பல் தேய்ந்திருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் எடுத்தார்.

சில பாகங்களைக் கழற்றிப் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியவில்லை. அக்கா பழனி அண்ணனின் பட்டறைக்கே போனார். நானும் கூடப் போயிருந்தேன். படப்பையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது எனக்கு; அந்த இடத்தில் நிற்கவே சங்கடமாக இருந்தது.

"பிரேக்கு வழுக்கிச்சுன்னு உங்கப்பா சொல்றாரு. அப்டீன்னா நான் வேலைய ஒழுங்கா செய்யலன்னு அர்த்தம். அது தெரிஞ்சிகினுதான் என்னாண்ட வந்தியா தங்கச்சி?" என்று பழனி அண்ணன் கேட்டார்.

"ஆமாண்ணா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, இன்னா தெரியணும், கேளு. ஆனா ஒண்ணு. உங்கப்பாவுக்காக அங்க இங்க இழுத்து வளைச்சு செஞ்சிடாத. என் பொழப்பு அதுல கீது."

"அப்படிச் செய்யத் தெரியாதுண்ணா" என்றார் அக்கா.

அடிச்சட்டத்தையும் பிரேக்கையும்தான் முதலில் செய்தார். சட்டத்துக்குப் பித்தளைத் தகடு, இழுகம்பிகளுக்குச் சைக்கிள் ஸ்போக்கு. மெழுகு அச்சைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, அந்தப் பல்லை அரத்தால் ராவி எடுக்கவே வெகுநாள் ஆயிற்று. பூட்டி முடித்து, ஒரு பலகையைச் சாய்த்து அதன் மேல் நிறுத்திப் பிடியை இழுத்தார். கொக்கி விழுந்தது. பலகையைத் தட்டினார், உலுக்கினார். கொக்கி நகரவில்லை. அடுத்த பல்லுக்கு மாற்றினார். அதிலும் நகரவில்லை. எந்தப் பல்லில் போட்டாலும், குமிழை அழுத்தாமல் அது விடவில்லை.

தன் அளவில்தான் பிழை என்று அக்கா நினைத்தார். மறுபடி காவல் நிலையத்துக்குப் போய்ப் புதிதாக மெழுகு அச்சு எடுத்து வந்தார். பழையதும் புதியதும் ஒன்றாகவே இருந்தன. பல் தேயவே இல்லை. உண்மையான காரிலேயே பிடியை இழுத்துப் போட்டு உலுக்கிப் பார்த்துவிட்டும் வந்திருந்தார். அதை எங்களிடம் அப்போது சொல்லவில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பாவின் எதிரில் அந்தப் பலகையைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு பல்லாகப் போட்டுக் காட்டினார். அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு பிரேக் போட்டீங்களாப்பா?"

"போட்டன்னுதாம்மா நெனச்சிகினு இருந்தேன்." அப்பாவின் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. "முப்பது வருசமா கை தானா போடும். அன்னிக்கு அவன் அவசரமா கூப்ட்டான், எறங்கிட்டேன். அப்பறம் எல்லாரும் சுத்தி நின்னு கேக்க சொல்ல, போட்டேன்னு சொல்ட்டேன். சொல்லிகினே இருந்தேனா, எனக்கே அப்டித்தான் ஞாபகம் வருது."

அம்மா சமையலறையிலிருந்து வந்து, "அதைத் தூக்கிப் பரண்ல போடு. வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது" என்றார். வக்கீலும் அதையேதான் சொன்னார். அதற்குள் முதலாளி காரை மீட்டு விற்றிருந்தார். அதைப் பாகம் பாகமாகக் கழற்றிவிட்டதாகவும் கேள்விப்பட்டோம். "இனி யாரும் எதையும் நிரூபிக்க முடியாதும்மா. சந்தேகத்தோட பலன் உங்கப்பாவுக்குத்தான். பேசாம இருங்க" என்றார் வக்கீல்.

அக்கா அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னார். "நீங்க என்ன சொல்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க. என்னைக் கூப்பிட்டுக் கேட்டா, நான் செஞ்சு பாத்ததைச் சொல்லிடுவேன்." சொல்லிவிட்டு அடிச்சட்டத்தை எடுத்து அலமாரியில் வைத்தார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு பழனி அண்ணனின் பட்டறைக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று இருவருமே சொன்னதில்லை. அடுத்த வாய்தாவில் அப்பா நீதிபதியிடம், தான் பிரேக் போடாமல் இறங்கிவிட்டதாகச் சொன்னார். பழனி அண்ணன் விடுவிக்கப்பட்டார். அப்பாவுக்கு அபராதமும், ஓட்டுநர் உரிமம் ரத்தும் ஆயிற்று. அதன் பின் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் காவலராக இருந்தார்.

பெரியப்பா வீட்டு வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனார். "பெத்த அப்பனையே மாட்டி வுட்டவ கீற வூட்ல இனிமே நான் கை நனைக்க மாட்டேன்." அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவரைப் பார்த்து வேறு சில வீட்டாரும் வருவதை நிறுத்தினார்கள். அக்காவுக்கு வரன் வருவதும் நின்றது. அதனால்தான் திருமணம் ஆகவில்லை என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. நானும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

வெறும் அடிச்சட்டம் பல மாதம் அலமாரியில் கிடந்தது. அதை மறுபடி எடுக்கச் சொன்னவர் அப்பாதான்.

"ஏம்மா, பாடி கட்டலியா? எலும்புக்கூடு மாதிரி கீதே."

"வேணுமாப்பா?"

"செய்யி. நீ அளந்தது கொஞ்ச நாளு. நான் ஓட்டினது முப்பது வருசம். கேளு, சொல்றேன்."

அதன் பிறகு நடந்த வேலை பல ஆண்டுகள் நீடித்தது. எனக்குக் கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரிக்குப் போனபோது காருக்குச் சக்கரம் வந்திருந்தது. வீணைத் தந்தியை வெட்டி வெட்டி ஆரக்கால்கள் கோத்திருந்தார். டயருக்குக் கறுப்பு ரப்பர் செருப்பு. பழனி அண்ணன் பழைய ரேடியேட்டர்களின் பித்தளைத் தகட்டைக் கொண்டுவந்து கொடுப்பார். என் மகன் பிறந்த சமயம் கதவுகள் திறந்து மூடின. மூடும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். முகப்பு விளக்குக்குக் கைக்கடிகாரக் கண்ணாடி. இருக்கைகளுக்கு அக்காவின் பழைய தோல் கைப்பை. வேகம் காட்டும் வட்டத்தில், கடுகளவு எண்களை அலுவலகத்து மைப்பேனாவால் எழுதியிருந்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வார். "இன்னாமா, எடது மட்கார்டு இவ்ளோ வழவழன்னு கீது? அங்க ஒரு நசுங்கல் இருக்கும். மண்டபத்து கேட்ல நான் இடிச்சது." அக்கா உடனே சுத்தியலை எடுத்து, அந்த இடத்தைக் கேட்டுக் கேட்டு நசுக்குவார். உள்ளே ஒரு மாப்பிள்ளை பொம்மையை உட்கார வைக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். "பொம்மை வச்சா இது பொம்மைக் கார் ஆயிடும்" என்று மறுத்துவிட்டார்.

கார் முடிந்த பின் அப்பா இரண்டு பொங்கல் பார்த்தார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். அக்கா தனியாகவே இருந்தார்; ரயிலேறி அலுவலகம் போய்வந்தார். சிறுநீரகம் பழுதானது தெரிந்தபோது, மருத்துவர் சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை. கடைசி மாதங்களில் என் வீட்டில் வந்து தங்கினார். காரும் கூட வந்தது.

அந்த நாட்களில் வாரம் இருமுறை தன் வேனில் அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்ட பழனி அண்ணனுக்கு நன்றி. விடுப்பு எழுதுவது முதல் அரிசி வாங்குவது வரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்ட அலுவலகத் தோழியருக்கு நன்றி. ஊசி போடும் முன் அக்காவிடம் அளவைச் சொல்லிவிட்டே போட்ட செவிலியருக்கும், எங்கள் தெருவில் உதவிய எல்லோருக்கும் நன்றி.

இன்னொருவர் பாக்கி இருக்கிறார். அக்கா மறைவதற்குச் சில நாள் முன்பு பெரியப்பா கைத்தடியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கட்டிலருகே நாற்காலி போட்டேன். பக்கத்தில் இருந்த காரைக் காட்டி, "இதாலதானம்மா உங்கப்பன் கேஸ்ல ஜெயிச்சான்? சொந்தத்துல எல்லாரும் பெருமையா சொல்லிகினு கீறாங்க" என்றார்.

அக்காவால் எழுந்து உட்கார முடியவில்லை. தலையை மட்டும் திருப்பினார். "இல்ல பெரியப்பா. தோத்துட்டாரு. இதாலதான் தோத்தாரு."

பெரியப்பா கைத்தடியைக் காலுக்கிடையில் நிறுத்தி அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "தெரியும்மா. உன்னாண்ட வேற எப்டிப் பேச ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"அதான் ஆரம்பிச்சிட்டீங்களே" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "பெரியப்பாவுக்குச் சாப்பாடு போடு" என்றார்.

அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்ட பெரியப்பாவுக்கு, அக்காவின் சார்பில் என் வணக்கமும் நன்றியும்.