அம்மாவுக்குப் பாட வராது

கண்ணாடிக்கடை அக்காவுக்கு அருவருப்பு சட்டென்று வந்துவிடும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்களைக் கண்டால் குமட்டும். ஒருமுறை நூலகத்தில் எடுத்த நாவலின் நடுவே யாரோ மூக்கைத் துடைத்த தடம் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. கண்ணாடியின் குட்டித் திருகாணிகளை எடுக்கிற சாமணத்தை வைத்தே மீதிப் பக்கங்களைப் புரட்டி முடித்தாள். பாதியில் விட மனம் வரவில்லை, கதை அப்படி.

செய்கிற வேலையோ இதற்கு நேர்மாறு. கடைக்கு வருகிறவர்களின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்க வேண்டும். அவர்களின் மூச்சு தன் முகத்தில் அடிப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழைய கண்ணாடிகளில் மூக்கில் அழுந்துகிற இடத்தில் பச்சையாகப் படிந்திருக்கும் அழுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்வாள். "உடம்பு அழுக்குதானே, கழுவினா போயிடும்" என்பாள்.

அவளும் அம்மாவும்தான் வீட்டில். தங்கை கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். படித்ததைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமே என்றுதான் அக்கா அந்த வாசகர் குழுவில் சேர்ந்தாள். குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற காப்பீட்டு அதிகாரி. எல்லாரும் அவரைப் 'பொன்மொழி' என்று கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்ததை அவர் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். விடிந்தால் போதும், உதிக்கிற சூரியனின் படத்துக்கு மேலே ஒரு வரியைப் போட்டுக் கைப்பேசிக் குழுவில் அனுப்பிவிடுவார். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வீட்டு மாடியில் கூடுவார்கள். சமீபத்தில் படித்த புத்தகம், அதில் பிடித்த வரி, இரண்டையும் ஆளாளுக்குச் சொல்ல வேண்டும்.

அக்கா சொல்கிற வரிகள் அங்கே எடுபடுவதில்லை. சாவு வீட்டுக்குப் போகிற வழியில் தன் செருப்பு புதிது என்று மனசுக்குள் சந்தோஷப்படுகிற ஒரு பெண்ணைப் பற்றி ஒரு கதையில் ஒரு வரி வரும். அதைப் படித்துக் காட்டிவிட்டு ஆசையோடு எல்லார் முகத்தையும் பார்த்தாள். பொன்மொழி தேநீரில் பிஸ்கட்டை ஊறப்போட்டபடி, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல எடுத்துக்கறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றார்.

"எடுத்துக்கறதுக்கு ஒண்ணுமில்ல சார். அப்படித்தான் இருப்போம், அவ்வளவுதான்."

அந்தச் சமயத்தில் அம்மா படுத்த படுக்கையாகி வெகுநாள் ஆகியிருந்தது. பகலில் ஒரு பெண்மணி பார்த்துக்கொள்வார். கடை மூடி வந்ததிலிருந்து விடியும்வரை அக்காதான். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பதும், துணி மாற்றுவதும், முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவதும், நடுநடுவே கட்டிலோரம் உட்கார்ந்து படிப்பதுமாகக் காலம் போனது. தங்கை இரண்டு முறை வந்தாள். வந்தபோதெல்லாம் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு வெட்கப்பட்டுக் கையை எடுத்தாள்.

அம்மா போய்ச் சில வாரங்கள் கழித்து, சமீபத்தில் என்ன படித்தீர்கள் என்று குழுவில் பொன்மொழி கேட்டிருந்தார். அக்கா இப்படி எழுதினாள்: "அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நிறைய நாவல் படித்தேன். ஒன்றின் கதையும் நினைவில் இல்லை. அம்மா போனபோது எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. உடம்பை எடுத்துப் போனபிறகு வெட்கமில்லாமல் தூங்கினேன்."

கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன. ஒருத்தர் அழுகிற முகத்தைப் போட்டார். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அக்கா வருத்தப்படவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று இருந்தது.

பல மாதம் கழித்து ஒருநாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தாள். குளத்தில் தாமரை. அதற்கு மேலே வளைந்த எழுத்தில்: 'தாய் மறைந்தபின் நமக்கு வரும் தூக்கம், அவள் கடைசியாகப் பாடும் தாலாட்டு.' கீழே, 'மேலைநாட்டு ஞானி ஒருவர்.'

பற்பசை நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு துப்பினாள்.

பொன்மொழியைக் கூப்பிட்டுக் கேட்டாள். "சார், இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"அட, கண்டுபிடிச்சிட்டீங்களா!" அவர் குரலில் வெட்கம் கொஞ்சமும் இல்லை, வாயெல்லாம் பல் என்பது போனிலேயே தெரிந்தது. "நீங்க எழுதினதுதான்மா. விதை உங்களோடது. நான் கொஞ்சம் மெருகு போட்டேன்."

"ஞானின்னு போட்டிருக்கீங்களே?"

"கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறவங்க சொன்னாங்கன்னா யாரும்மா அடுத்தவங்களுக்கு அனுப்புவாங்க? இப்ப பாருங்க, எங்கெல்லாம் போயிருக்குன்னு!"

போகத்தான் செய்தது. அடுத்த வாரமே கடை முதலாளிக்கு அது யார் யார் கையோ மாறி வந்து சேர்ந்தது. கிட்டப் பார்வையைச் சோதிக்கப் படிக்கக் கொடுக்கும் அட்டை கிழிந்து போயிருந்தது. புது அட்டை அடிக்கும்போது, வெறும் வாக்கியத்துக்குப் பதிலாக நல்ல கருத்து இருக்கட்டுமே என்று முதலாளி அந்த வரியையே போட்டுவிட்டார், பெரிய எழுத்தில் ஒருமுறை, சிறியதில் ஒருமுறை, இன்னும் சிறியதில் ஒருமுறை. அதற்குப் பிறகு வருகிறவர்களெல்லாம் அக்காவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். ஒரு பெரியவர் படித்துவிட்டு, "கண்ணுல தண்ணி வருதும்மா, பவர் சரியில்லையோ?" என்றார்.

"பவர் சரியாத்தான் இருக்கு. வரிதான் சரியில்ல" என்றாள் அக்கா. அவர் ஒன்றும் புரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளியிடம் அட்டையை மாற்றச் சொன்னதற்கு, "இவ்வளவு புஸ்தகம் படிக்கிற உனக்கே பிடிக்கலன்னா எப்படி?" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு மாடிக்குப் போனாள். மற்றவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முந்தியே போய்விட்டாள். பொன்மொழி கீழே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். சும்மா நிற்பானேன் என்று அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துத் திறந்தாள். இந்த ஆள் ஒன்றையும் படித்திருக்க மாட்டார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். படித்திருந்தார். முழுக்கவே படித்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பிளேடால் வரிகளை வெட்டி எடுத்திருந்தார். விரல் ஓட்டை வழியாக அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. கதையில் ஒரு ஆள் வாசலில் வந்து நிற்கிறான். அவன் என்ன சொன்னான் என்கிற இடத்தில் சன்னல் மாதிரி ஓட்டை. தாளின் பின்பக்கத்தில் அதே ஓட்டை, வேறொருத்தி சாகிற வரியைத் தின்றிருந்தது. அடுத்ததை எடுத்தாள். அதிலும் ஓட்டை. உதறியபோது காகிதத் துணுக்குகள் அவள் புடவையில் விழுந்தன.

தட்டோடு மேலே வந்த பொன்மொழி அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். "என் புஸ்தகம்தாம்மா, நூலகத்தோடது இல்ல. சாரத்தை எடுத்துட்டா சக்கை எதுக்கு?"

எத்தனையோ பேருடைய அழுக்கைத் தொட்டுத் துடைத்த அவள் கை, அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்தபிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டது.

எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். அவள் முறை வந்ததும் கைப்பேசியை எடுத்து, தான் அன்றைக்கு எழுதியதை அப்படியே படித்தாள். "அந்தத் தாமரைப் படத்துல இருக்கறது இதுலருந்து எடுத்ததுதான். ஞானியும் இல்ல, ஒண்ணும் இல்ல, எழுதினது நான். எங்கம்மா தாலாட்டும் பாடல. எனக்கு வந்தது அசதி."

ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, சாரோட வரியிலதான் ஒரு ஆறுதல் இருக்கு" என்றார். இன்னொருத்தர் தலையாட்டினார். பொன்மொழி பெருந்தன்மையாக, "விடுங்க, அவங்க துக்கத்துல இருக்காங்க" என்று பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

அக்கா எழுந்து, "உங்க ஆறுதல் எனக்கு வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தெருமுனைக் குழாயில் கை கழுவினாள். குழுவிலிருந்து வெளியேறினாள்.

அதோடு விட்டது என்றுதான் நினைத்தாள். அம்மா இறந்து வருடம் திரும்பும்போது தங்கை போன் செய்தாள்.

"அக்கா, அம்மா போட்டோவைப் பெருசாக்கி மாட்டப் போறேன். கீழ போட ஒரு வரி கிடைச்சிருக்கு. படிச்சதுலருந்து எனக்கு அழுகையே நிக்கல. நமக்குன்னே யாரோ எழுதின மாதிரி இருக்கு."

எந்த வரி என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "அதைப் போடாத. அது நான் எழுதினதுலருந்து ஒரு ஆள் திரிச்சது."

"நீயா? ஞானின்னு போட்டிருக்கேக்கா!"

"அம்மாவுக்குப் பாடவே வராதுடி. அவங்க வாயைத் திறந்தா நாம ரெண்டு பேரும் காதைப் பொத்திக்கிட்டு ஓடுவோம். தாலாட்டாம் தாலாட்டு!"

"உனக்கு எதுலதான் அருவருப்பு இல்ல?" என்று தங்கை போனை வைத்துவிட்டாள்.

தங்கை வீட்டுக் கூடத்தில் படம் மாட்டப்பட்டது, வரியோடு. உறவுக்காரர்கள் வந்து நின்று படித்துக் கண்ணைத் துடைத்தார்கள். "என்னமா சொல்லியிருக்கான் பாரு!" என்று சித்தப்பா உருகினார். அம்மா படுத்திருந்த காலத்தில் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கன்னத்தில் வழிந்த கண்ணீரைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு, நாவல் நடுவே காய்ந்திருந்த அந்தத் தடத்தைவிடக் கேவலமாகப் பட்டது. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் தங்கை வந்து பக்கத்தில் நின்று, தேய்த்ததையெல்லாம் அலம்பி வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னிக்கு நான் வந்து இறங்கினப்போ நீ தூங்கிட்டிருந்தே."

"ஆமா."

"எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அம்மா போயிருக்காங்க, இவ குறட்டை விடறாளேன்னு. ஊருக்குத் திரும்பிப் போற வழியெல்லாம் அவர்கிட்ட உன்னைத் திட்டிக்கிட்டே போனேன்."

"அதுக்கென்ன. எனக்கே அசிங்கமாத்தான் இருந்துச்சு."

"அந்த வரியைப் படிச்சப்புறம்தான் உன்மேல கோவம் போச்சுக்கா. நீ தாலாட்டுக்குத்தான் தூங்கினேன்னு நினைச்சுக்கிட்டேன்."

அக்காவின் கை நின்றது. அடிபிடித்த பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாலாட்டு இல்லடி. உடம்பு முடியல."

"சரி" என்றாள் தங்கை. ஒரு தட்டை அலம்பிக் கவிழ்த்தாள். "ஆனா படத்தைக் கழட்ட முடியாது. எல்லாரும் பார்த்துட்டாங்க."

"மாட்டினது மாட்டினதுதான். நான் இனிமே உங்க கூடத்துக்கு வந்தா படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துக்கறேன்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. அடிபிடித்த கரி விடவேயில்லை, நகத்தால் சுரண்டினாள்.